விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

கே: பிரஷர் குக்கர் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது கேஸ்கட்டை, எப்போது மாற்றுவது?
தினமும் சமைத்தால் வருடத்துக்கு ஒரு முறை. விறைத்துப் போனாலோ விரிசல் விட்டாலோ உடனே.

கே: மூடி ஓரமாக ஆவி போகிறது, விசிலே வரவில்லை. வேறு குக்கர் வாங்கட்டுமா?
அவசரப்படாதீர்கள். கேஸ்கட்டைக் கழற்றிக் கழுவி, மூடி விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையைச் சுரண்டி எடுங்கள். பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். அப்படியே ஆவித் துளையையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

கே: கொண்டைக்கடலைக்கு எத்தனை விசில்?
வந்துவிட்டதா இந்தக் கேள்வி! ஊற வைத்த கடலையா, எவ்வளவு கடலை, எத்தனை லிட்டர் குக்கர், ஒன்றுமே எழுதவில்லை, எண்ணிக்கை மட்டும் வேண்டும். உள்ளே அழுத்தம் சுமார் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஆனதும் மிச்ச ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது, விசில் என்பது அவ்வளவுதான். அடுப்பைப் பெரிதாக வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஆறு விசில் அடித்துவிடும், கடலை கல்லாகவே இருக்கும். சிம்மில் வைத்தால் அதே ஆறு விசிலுக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் கடலை குழைந்துவிடும். வேக வைப்பது சத்தம் இல்லை, உள்ளே இருக்கிற 120 டிகிரி சூடும் அது நிற்கிற நேரமும்தான். அதனால் முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஊறிய கடலைக்கு 15 நிமிடம் போல, ஊறாததற்கு 40 பக்கம். இதைத் தெரிந்துகொண்டே ‘5 விசில் விடவும்’ என்று குறிப்பு எழுதுகிறவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கே: பருப்பு வைத்தால் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது.
முக்கால் குக்கர் நிரப்பியிருப்பீர்கள். பருப்பு, பயறு, அரிசி எல்லாம் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் கூடாது, மற்றவை மூன்றில் இரண்டு பங்கு. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். பொங்கிய பிறகு ஆவித் துளையைப் பார்க்காமல் அடுத்த தடவை மூடாதீர்கள், பருப்புத் தோல் ஒன்று போதும் அடைத்துக்கொள்ள.

கே: மின்சார மல்டிகுக்கரில் 10 நிமிடம் வைத்தால் அரை மணி நேரம் ஆகிறது, பழுதா?
இல்லை. அழுத்தம் ஏறிய பிறகுதான் அது எண்ணவே ஆரம்பிக்கும், அப்புறம் ஆவி இறங்கவும் நேரம் வேண்டும். பல மாடல்களில் அழுத்தமும் 10, 12 பிஎஸ்ஐ தான், அடுப்புக் குக்கர் நேரத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

கே: அதிலேயே ஸ்லோ குக்கில் ராஜ்மா வைக்கலாமா?
நேரடியாக வைக்கவே கூடாது. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அந்த மிதமான சூட்டில் அழியாது, வாந்தியும் பேதியும் நிச்சயம். 5 மணி நேரமாவது ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்ட பிறகு வையுங்கள். பிரஷர் மோடில் வைத்து நன்றாக வேக விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கே: குக்கரில் எண்ணெய் ஊற்றிப் பொரிக்கலாமா?
மூடி போட்டு ஒருநாளும் கூடாது. மூடாமல் என்றால் அதுவும் ஒரு பாத்திரம்தான், பொரியுங்கள்.