வாய்ச்சொல்லை நம்பிப் போட்ட மதகுக்குக் காசு கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் மட்டக்களப்புப் படுவான்கரையைச் சேர்ந்த சிறிய ஒப்பந்தகாரன். வீதி வேலைகளைப் பார்க்கும் அரச நிறுவனம் ஒன்றுடன் 48 இலட்சம் ரூபாவுக்கு ஒப்பந்தம் செய்து, வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு வீதிக்குக் கிறவல் போட்டு வடிகான் கட்டினேன். வேலை நடக்கும்போது ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து, “இந்த இரண்டு இடத்திலும் வெள்ளம் வீதியை அறுத்துவிடும். மாரிக்கு முதல் மதகு போட்டுவிடுங்கள், பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்” என்றார். ஹியூம் குழாய் இறக்கி இரண்டு மதகும் போட்டேன். 11 இலட்சம் முடிந்தது. ஒக்டோபரில் வேலை முடிந்து இப்போது எட்டு மாதம். ஒப்பந்த வேலைக்கான காசு வந்துவிட்டது. மதகுக்கு எழுத்தில் உத்தரவு இல்லை என்று கையை விரிக்கிறார்கள். அந்த ரி.ஓ. இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இறுதிப் பில்லில் கையெழுத்துப் போட்டால்தான் பிடித்துவைத்த காசைத் தருவார்களாம். மதகுக் காசில் ஒரு பங்கு கொடுத்தால் வழி செய்யலாம் என்று ஒருவர் சொல்கிறார். இதற்கிடையில் 62 இலட்சத்துக்கு நான் போட்ட அடுத்த விலைமனுவை, குறைந்த விலை என்னுடையதாக இருந்தும் நிராகரித்துவிட்டார்கள். வழக்குப் போட்டால் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. மனைவியின் நகை வங்கியில் கிடக்கிறது. ஒப்பந்தம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு அது சரியாக விளங்கவில்லை. என்ன செய்வது?

பதில்: இறுதிப் பில்லில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கேள்வியை வாசித்ததும் என்னை உறுத்தியது அந்த வரிதான். இறுதிக் கணக்குப் பத்திரங்களின் அடியில் “இந்த ஒப்பந்தம் தொடர்பில் எனக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை” என்ற பொருளில் ஒரு வாசகம் வழமையாக இருக்கும். அதன் கீழ் ஒப்பமிட்டால் 11 இலட்சத்தை உங்கள் கையாலேயே விட்டுக்கொடுத்ததாகிவிடும். பிடித்துவைத்த பணம் ஒப்பந்தப்படி உங்களுக்குச் சேரவேண்டியது. வழமையாக அதில் ஒரு பாதி வேலை முடிந்ததும், மறுபாதி குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் தெரியும் குறைகளை நீங்களே திருத்திக் கொடுக்கவேண்டிய காலம்) முடிந்ததும் தரப்படவேண்டும். மதகுக் கோரிக்கையைக் கைவிட்டால்தான் தருவோம் என்று புதிதாக ஒரு நிபந்தனை போட அவர்களுக்கு உரிமை இல்லை. பணமுடை தாங்காமல் ஒப்பமிட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே, “இரண்டு மேலதிக மதகுகளுக்கான எனது கோரிக்கையைக் கைவிடாமல், எதிர்ப்புடன் ஒப்பமிடுகிறேன்” என்று உங்கள் கைப்பட எழுதித் திகதி இடுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காலக்கெடு. எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடர எமது காலாவதிக் கட்டளைச் சட்டம் 6 ஆண்டுகள் தருகிறது. எழுத்தில் இல்லாத உடன்பாட்டுக்கு 3 ஆண்டுகள். ஆனால் செய்த வேலைக்கும் உழைப்புக்குமான கூலியைக் கேட்கும் வழக்குக்கு அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவு ஒரேயொரு ஆண்டுதான் தருகிறது. மதகுகள் மூல ஒப்பந்தத்தின் ஒரு பகுதிதான், ஆகவே 6 ஆண்டுகள் உண்டு என்று நான் உங்களுக்காக வாதாடுவேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, அது ஒப்பந்தத்துக்கு வெளியே வாய்ச்சொல்லில் செய்த கூலிவேலை, ஓராண்டு கடந்துவிட்டது என்பார். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல் ஓராண்டுக்குள் வழக்கைப் பதிந்துவிடுவதுதான் புத்தி. எட்டு மாதம் போய்விட்டது, நான்கு மாதம் இருக்கிறது. அதிலும் ஒரு மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்: சட்டமா அதிபர் மீதோ, பதவியின் பொருட்டு ஓர் அரச உத்தியோகத்தர் மீதோ வழக்குத் தொடருவதானால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461 ஆம் பிரிவின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டே தொடரலாம். ஆக, உங்கள் கையில் இருப்பது மூன்று மாதம்.

யார் மீது வழக்கு என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தின் முதற் பக்கத்தில் தொழில்தருநர் என்று யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அது 1981 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. தன் பெயரிலேயே வழக்காடவும் வழக்காடப்படவும் கூடியது. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. அவற்றைப் பார்ப்பது ஒரு திணைக்களமாக இருந்தால், திணைக்களத்துக்குத் தனியான சட்ட ஆளுமை இல்லை. அதன் பெயரைப் பிரதிவாதியாகப் போட்டு, பூர்வாங்க ஆட்சேபனையிலேயே விழுந்த வழக்குகள் உண்டு. நீங்கள் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டிருந்தும் நான் அதை இங்கே நீக்கியிருக்கிறேன். உங்கள் சட்டத்தரணி அந்த முதற் பக்கத்தைப் பார்க்காமல் முன்னறிவித்தல் கடிதத்தை எழுதக்கூடாது.

இனி உங்கள் வழக்கின் பலமும் பலவீனமும். பலவீனத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் இல்லாத வேலையைச் சேர்க்கும் அதிகாரம் ரி.ஓ.வுக்கு இல்லை. வேலை மாற்றத்துக்கான உத்தரவு பொறியியலாளரிடமிருந்து எழுத்தில் வரவேண்டும், அதற்கான செலவுக்கு உரிய மட்டத்தில் அங்கீகாரம் இருக்கவேண்டும். அதிகாரம் இல்லாதவர் கொடுத்த வாக்கு அரச நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று அவர்கள் சொல்வார்கள். அது வெறும் சாக்கு அல்ல. பொதுப்பணத்தைக் காப்பாற்றுவதற்காக உள்ள விதி.

ஆனால் அந்த இரண்டு மதகும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீதியின் இரண்டு பக்கமும் வயல் முழுவதும் வெள்ளம், குழாயின் வாய் விளிம்புவரை நுரைத்துக்கொண்டு தண்ணீர் பாய்கிறது, மேலே ஒரு உழவு இயந்திரம் நெல் மூடைகளுடன் போகிறது. வாடைக்காற்று மழைக்குப் படுவான்கரை வீதிகள் என்ன பாடுபடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வீதி அறாமல் நின்றது உங்கள் மதகால்தான். எமது நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டம், ஒருவர் இன்னொருவரின் செலவில் நியாயமின்றி இலாபமடைவதை ஏற்பதில்லை. நிறுவனம் அந்த மதகுகளைக் கண்ணால் கண்டு, வேண்டாம் என்று தடுக்காமல், பொறுப்பேற்று, பயன்படுத்துகிறது. ஆகவே ஒப்பந்தத்தின் மீது ஒரு கோரிக்கை, அது தோற்றால் மாற்றாக நியாயமற்ற இலாபமடைதலின் மீது இன்னொரு கோரிக்கை என்று இரண்டையும் ஒரே வழக்கில் வைக்கவேண்டும். இரண்டாவதில் நீங்கள் கேட்ட 11 இலட்சமும் அப்படியே கிடைக்கும் என்று வாக்குத் தரமாட்டேன். நிறுவனம் உண்மையில் அடைந்த பயனின் பெறுமதியைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

இதற்குச் சான்று வேண்டும். ரி.ஓ.வுடனான வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடவில்லைதானே? “குழாய் வந்துவிட்டதா?”, “நாளைக்கு வந்து மட்டம் பார்க்கிறேன்” என்று அவர் அனுப்பிய இரண்டு வரிகள் பத்துச் சாட்சிகளுக்குச் சமம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு செய்தியை ஒதுக்கிவிட முடியாது. கைபேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். உரையாடலின் ஸ்கிரீன்ஷொட்டுகளை அச்சடித்து வைத்தால் மட்டும் போதாது. குழாய் வாங்கிய பற்றுச்சீட்டு, லொறிக் கூலித் துண்டு, பெக்கோ வாடகைக் கணக்கு, மேசன்மாருக்குக் கொடுத்த நாட்கூலிப் புத்தகம், எல்லாவற்றையும் ஓர் உறையில் சேருங்கள். மதகுக்குப் பக்கத்து வயற்காரர் இரண்டு பேரிடம், யார் வந்து எந்த இடத்தைக் காட்டினார் என்பதை இப்போதே சத்தியக்கூற்றாக எழுதி வாங்குங்கள்.

நிறுவனத்தின் அலுமாரிக்குள்ளும் சான்று இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். “என் காசு ஏன் தரவில்லை?” என்று கேட்காதீர்கள், அது கேள்வி, தகவல் அல்ல. வேலைத்தளப் பதிவேட்டின் பக்கங்கள், அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், வேலை முடிவுறுத்தல் அறிக்கை, அதனுடன் இணைத்த புகைப்படங்கள் ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: அந்த வீதியிலுள்ள மதகுகளின் தற்போதைய பட்டியல். உங்கள் இரண்டு மதகும் அவர்களுடைய பட்டியலிலேயே அவர்களுடைய சொத்தாக ஏறியிருந்தால், ‘எங்களுக்குத் தெரியாமல் நடந்த வேலை’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதில் வரும்வரை வழக்கைத் தள்ளிப்போடவேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கமாக ஓடட்டும்.

அதேநாளில் பொறியியலாளருக்கு ஒரு கடிதம் போகவேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு உங்களுக்குத் தந்த உரிமை. கோபமும் குற்றச்சாட்டும் வேண்டாம். இவ்வளவு போதும்: “இன்ன திகதியில் இன்ன தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலைத்தளத்தில் தந்த அறிவுறுத்தலின்படி, இன்ன கிலோமீற்றர் புள்ளிகளில் இரண்டு குழாய் மதகுகளை அமைத்தேன். அவை இன்று பாவனையில் உள்ளன. இதனுடன் விபரமான கணக்கை இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் கூட்டு அளவீட்டுக்கு ஒரு திகதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” கூட்டு அளவீட்டுக்கு அவர்கள் வந்து நாடா பிடித்து ஒப்பமிட்டால், வேலை நடந்தது என்பதற்கும் எவ்வளவு என்பதற்கும் வேறு சாட்சி தேவைப்படாது. “உங்கள் கோரிக்கைத் தொகை பரிசீலனையில் உள்ளது” என்று ஒப்பத்துடன் ஒரு வரி பதில் வந்தாலும் பத்திரப்படுத்துங்கள். கடனை ஏற்றுக்கொள்ளும் எழுத்து ஒன்று கிடைத்தால் காலாவதிக் கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும் என்று வாதிடலாம்.

நீதிமன்றமா, நடுத்தீர்ப்பா (இரு தரப்பும் ஏற்ற நடுவர் ஒருவர் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பது) என்பது ஒப்பந்தத்தின் பிணக்குத் தீர்வு வாசகத்தைப் பொறுத்தது. நடுத்தீர்ப்பு வாசகம் இருந்து, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்துக்கு விசாரிக்க நியாயாதிக்கம் இல்லை. ஓராண்டு வரை மட்டக்களப்பு நீதிமன்றத்தில் அலைந்து, கடைசியில் தவறான வாசலில் நின்றோம் என்று தெரிந்துகொள்ளும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. ஆகவே ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்து அந்த ஒரு பந்தியையாவது இந்த வாரமே வாசியுங்கள். எழுத்தாணை (அரச அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யவோ, கடமையைச் செய்விக்கவோ நீதிமன்றம் இடும் ‘ரிட்’ கட்டளை) மனுவைப் பற்றிச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். வெறும் ஒப்பந்தக் கடனை அறவிட எழுத்தாணை கிடைக்காது.

விலைமனு விடயத்தில் உங்கள் மனம் நோகும் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் தெளிவாக இருக்கிறது: பொது ஒப்பந்தப் பதிவுச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி 50 இலட்சத்தைத் தாண்டும் விலைமனுவுக்கு அந்தப் பதிவு வேண்டும். உங்கள் முதல் ஒப்பந்தம் 48 இலட்சம் என்பதால் அப்போது யாரும் கேட்கவில்லை. 62 இலட்சத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். குறைந்த விலை என்பது மட்டும் போதாது. நிபந்தனைகளை நிறைவேற்றிய விலைமனுக்களுக்குள் குறைந்ததுதான் கணக்கில் எடுக்கப்படும். இதைப் பழிவாங்கலாக நான் பார்க்கவில்லை. ஒப்பந்தம் பெற்றவரும் அந்தச் சான்றிதழை இணைக்காமலே தெரிவாகியிருந்தால் மட்டும் கதை வேறு. அது அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சொல்லும் சமத்துவத்தைத் தொடும். ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. கடிதத்தின் திகதியைப் பார்த்தேன், உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஐயம் உறுதியானதாக இருந்தால் மட்டும் போங்கள். எப்படியும் அடுத்த விலைமனுவுக்கு முன் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.

கறுப்புப் பட்டியல் என்பது ஒப்பந்தத்தை மீறியவருக்கும், வேலையை இடையில் விட்டுப்போனவருக்கும், பொய்ப் பத்திரம் கொடுத்தவருக்கும் உரியது. செய்த வேலைக்குக் காசு கேட்டதும் வழக்குப் போட்டதும் அதற்குக் காரணமாக முடியாது. அப்படி ஒரு கடிதம் வந்தால், விளக்கம் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்ற ஒரு காரணமே அதை எதிர்க்கப் போதும். அந்த இடத்தில் எழுத்தாணை மனுவுக்கு வேலை உண்டு.

அந்த ‘ஒரு பங்கு’ ஆளைப் பற்றி: ஒரு சதமும் கொடுக்காதீர்கள், “பார்க்கலாம்” என்றுகூடச் சொல்லாதீர்கள். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. நியாயமான கோரிக்கையோடு நிற்கும் உங்களை, ஒரே நாளில் அவர்களோடு ஒரே கூண்டில் நிறுத்திவிடும் காரியம் அது. மறுபடி கேட்டால், கேட்ட நாளையும் இடத்தையும் சொற்களையும் குறித்துவைத்துக்கொண்டு, 1954 என்ற இலக்கத்தில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவை அழையுங்கள்.

திங்கட்கிழமை காலை தபாற்கந்தோர் திறந்ததும் பொறியியலாளருக்கான கடிதமும் தகவல் விண்ணப்பமும் பதிவுத் தபாலில் போகட்டும். இரண்டு பற்றுச்சீட்டையும் அந்த உறையிலேயே வையுங்கள். பிறகு ஒப்பந்தத்தின் முதற் பக்கத்தோடும் பிணக்குத் தீர்வுப் பந்தியோடும் ஒரு சட்டத்தரணியை நேரில் போய்ப் பாருங்கள். முன்னறிவித்தல் கடிதம் இந்த மாத முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும்.