கேள்வி பதில்: ஏ.பி.ஏ. பயிற்சியும் பயிற்சியாளரும்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறிந்த மருத்துவர், ஏ.பி.ஏ. தெரபி கொடுக்கச் சொன்னார். வாரம் 40 மணி நேரம் வந்தால் ஓராண்டில் மற்ற பிள்ளைகளைப் போல ஆகிவிடுவான் என்று ஒரு தெரபி சென்டரில் உறுதி கூறுகிறார்கள். பயிற்சி தருபவர் என்ன படித்தவர் என்று கேட்டால், ‘சர்டிஃபிகேட் இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இது என்ன பயிற்சி, யாரை நம்புவது?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: ‘அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்’, அதாவது பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு, என்பதன் சுருக்கமே ஏ.பி.ஏ. உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த கற்றல் விதிகளை மனிதரின் அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவந்த துறை இது. அமெரிக்காவில் 1968இல் இதற்கெனத் தனி ஆய்விதழே தொடங்கப்பட்டது. நடத்தையை மாற்றுவதற்கு முன் அதைப் பொறுமையாகக் கவனித்துப் பகுத்தறிய வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

சோற்றுத் தட்டைத் தள்ளிவிடும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். தள்ளுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, தள்ளியபின் என்ன கிடைத்தது என்று சில நாட்கள் குறித்துவைத்துப் பார்த்தால், ஒரு குழந்தை அம்மா ஓடிவர வேண்டும் என்பதற்காகத் தள்ளுவதும், இன்னொரு குழந்தை குழைந்த சோறு விரலில் ஒட்டுவதைத் தாங்க முடியாமல் தள்ளுவதும் தெரியவரும். செயல் ஒன்றுதான் என்றாலும் காரணம் வேறு என்பதால், செய்ய வேண்டியதும் வேறு. முதல் குழந்தைக்கு, அம்மாவின் கையைத் தொட்டோ படத்தைக் காட்டியோ அழைக்கக் கற்றுத்தந்து, அப்படி அழைக்கும்போதெல்லாம் உடனே போக வேண்டும்; அந்த உடனடிப் பலனையே வலுவூட்டி என்கிறார்கள். இரண்டாவது குழந்தைக்கு ஒரு கரண்டியே போதுமானதாக இருக்கலாம்.

சான்றிதழைப் பொறுத்தவரை, எந்த நிலைச் சான்றிதழ் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1998இல் அமைந்த சான்றளிப்பு வாரியத்தின் முறையில், பி.சி.பி.ஏ. (போர்டு சர்டிஃபைடு பிஹேவியர் அனலிஸ்ட்) என்பவர் முதுகலைப் பட்டமும் மேற்பார்வையின்கீழ் நீண்ட களப்பயிற்சியும் முடித்துத் தேர்வெழுதியவர்; குழந்தையை மதிப்பிட்டுத் திட்டம் வகுப்பவர் அவரே. ஆர்.பி.டி. (ரெஜிஸ்டர்டு பிஹேவியர் டெக்னீஷியன்) என்பவர் பள்ளிப் படிப்புக்குப் பின் 40 மணி நேரப் பயிற்சி பெற்றவர். மேற்பார்வையாளர் இல்லாமல் அவர் தனியாக இயங்கக் கூடாது. நம் நாட்டில் இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவு செய்யும் தொழில்களில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பிரிவு இல்லை. ஆகவே, அந்தக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரோ சிறப்பாசிரியரோ அங்கு பொறுப்பில் இருக்கிறாரா என்று அவரது பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் நிப்மெட் (பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம்) நிறுவனத்திலும் மதிப்பீடு செய்துகொள்ளலாம்.

சென்டரில் சொன்ன ‘வாரம் 40 மணி நேரம்’ என்ற கணக்கு, லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதில் தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சராசரி நுண்ணறிவை எட்டி, வழக்கமான முதல் வகுப்பை முடித்தார்கள். அதற்கும் ஈராண்டுகளோ அதற்கு மேலோ ஆயின. மீதிப் பத்துக் குழந்தைகளை நினைவில் வைத்திருக்கும் எவரும், ஓராண்டில் சரியாகிவிடும் என்று ஒரு தாயிடம் வாக்குக் கொடுக்க மாட்டார். அப்படி வாக்குக் கொடுக்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். பயிற்சியின்போது உங்களை அறைக்குள் அனுமதிக்காத இடமும் வேண்டாம்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள பெரியவர்களே இம்முறையை எதிர்ப்பதாக அறிந்தேன். அது உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: உண்மைதான். அவர்களின் குரலை நாம் கேட்டே ஆக வேண்டும். 1960களில் லோவாஸின் பயிற்சியில் குழந்தைகளை அறைவதும் மின்னதிர்ச்சி கொடுப்பதும்கூட இருந்தன. பிற்காலத்தில் தண்டனைகள் பெருமளவு குறைந்தபோதும், கண்ணைப் பார்த்தே பேச வைப்பது, கையை உதறுவதைத் தடுப்பது போன்ற இலக்குகள் குழந்தைகளைத் தம் இயல்பை மறைக்கப் பழக்கியதாகப் பலர் வருந்துகிறார்கள். தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும், சாலைக்கு ஓடும் குழந்தைக்கு உதவி தேவை. யாருக்கும் தீங்கில்லாமல் கையை உதறி மகிழும் குழந்தையை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு பயிற்சித் திட்டம் என் கைக்கு வந்தால், குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லவோ சைகையால் காட்டவோ கற்றுத்தருவதும், அது அப்படிச் சொன்னபின் பயிற்சியாளர் நிறுத்துவதும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதையே முதலில் பார்ப்பேன்.