42இல் 17 போனால் 35

வணக்கம் ஐயா,

நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பணியர் பழங்குடிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். பணியர் சிறுமி ஒருத்தி வகுப்பில் வாயே திறப்பதில்லை. 42இல் 17 போனால் 35 என்கிறது அவள் நோட்டு. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் அதே விடை. ‘அரும்பு நிலைப் பிள்ளை, அவ்வளவுதான் வரும்’ என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த 35 வாய்க்கு வந்த விடை அல்ல. 2இல் 7 போகாது. அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். 4இல் 1 போக 3. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்று முன்பு கற்றதைப் பிசகாமல் செய்கிறாள். எத்தனையோ நாடுகளில் பிள்ளைகள் இதையே செய்கிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே விடை வருகிறது என்றால், அவளிடம் ஒரு விதி இருக்கிறது. யோசிக்கத் தெரிந்த பிள்ளை அவள்.

எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். பேசமாட்டாள் என்றால் கையால் சொல்லட்டும். பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவள் முன் வைத்து, பதினேழு தரச் சொல்லுங்கள். ஒரு கட்டையும் இரண்டு உதிரியையும் தந்துவிட்டு விழிப்பாள். அவசரப்பட்டு நீங்கள் கட்டை அவிழ்த்துவிட வேண்டாம். இன்னொரு கட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினால் போதும், முடிச்சை அவள் அவிழ்க்கட்டும். கரும்பலகையில் ‘கடன் வாங்கி’ என்று நாம் சொல்லிக்கொண்டே போவது அவளுக்கு அப்போதுதான் பிடிபடும். இன்று துணையோடு செய்வதைப் பிள்ளை நாளை தனியாகச் செய்யும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930களிலேயே எழுதினார். தனியாக எழுதும் விடையை மட்டும் பார்த்து ஒரு குழந்தையை எடைபோடக் கூடாது என்பது அவர் வாதம்.

பேசாதது வேறு விஷயம். அவள் வீட்டில் பேசுவது பணிய மொழி. அதே குடியிருப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தால், சிறிது நேரம் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் மொழியில் பேசிக்கொள்ளட்டும், உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்களும் அவளிடமிருந்து நாலு சொல் கற்றுக்கொள்ளுங்கள்.

அரும்பு, மொட்டு, மலர் என்பவை தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் யாருக்கு எந்தப் பயிற்சி என்று பிரித்துக்கொள்ள வைத்த நிலைகள். ‘அவ்வளவுதான் வரும்’ என்று அந்தத் திட்டம் எங்கும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் நெற்றியில் அப்படி எழுதி ஒட்டுவது கொடுமை.

இன்னொன்று. பள்ளி திறக்கும் ஜூனிலேயே உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மழையாலோ, வழியில் யானை நிற்பதாலோ சில நாள் வராமல் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு, அவள் விட்ட பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். ஏன் வரவில்லை என்ற கேள்வியை மதிய உணவுக்குப் பிறகு, தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.