முதலில் விசாவைப் பாருங்கள் தம்பி, பிரஸ் அப்புறம் வாங்கலாம்

தம்பி, நீங்கள் கேட்டது இது. டாலஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது, எச்-1பி வேலை விசா. அலுவலக நண்பர் வாராவாரம் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிறார். அவருடைய .38 ரிவால்வரும் 9 மிமீ பிஸ்டலும் சுடப் பிடித்துவிட்டது, தோட்டா விலைதான் கையைக் கடிக்கிறது. சுட்ட பிறகு மிஞ்சும் காலிக் கூடுகளை ஒரு பையில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். வீட்டிலேயே ரீலோடிங், அதாவது அந்தக் கூடுகளை நிரப்பி மறுபடி தோட்டாவாக்கும் வேலை, செய்ய எங்கே தொடங்குவது, என்னென்ன வாங்குவது?

நான் டெக்சஸுக்கு வந்து 19 வருடம், இந்த வேலையைத் தொடங்கி 11 வருடம். எனக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் இதற்கான முதல் கருவியான, கூட்டை அழுத்தும் பிரஸ் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பையைப் பற்றிப் பேச வேண்டும்.

அமெரிக்க மத்திய சட்டப்படி எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. அதே சட்டம் தோட்டா என்று எதைச் சொல்கிறது தெரியுமா? முழுத் தோட்டாவை மட்டுமல்ல. பித்தளைக் கூடு, அதன் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு, பவுடர் நான்கும் தனித்தனியாகவே தோட்டா என்ற கணக்கில் வருகின்றன. காலிக் கூடு வெறும் பித்தளைதானே என்று நாம் நினைப்போம், சட்டம் அப்படி நினைக்கவில்லை. ரேஞ்சில் நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதையும் 'வைத்திருப்பது' என்றே எடுத்துக்கொள்ளலாம். டெக்சஸில் துப்பாக்கி எல்லோரிடமும் இருக்கிறது என்று பார்த்துப் பழகிவிடுகிறோம், அதனால் நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. மாட்டினால் கடுமையான குற்ற வழக்கு. கிரீன் கார்டுக் கனவும் அதோடு போய்விடும், நாடு கடத்தலாம்.

வழி இல்லாமல் இல்லை. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டையாட, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியையும் செய்யுங்கள், நல்ல பாடம். ஒன்றை மறக்காதீர்கள்: வழக்கமான வருட லைசென்ஸ் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் இருப்பதெல்லாம் சட்டவிரோதம். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு இறங்குங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு தோட்டாவில் விலை அதிகமான பாகம் பெரும்பாலும் அந்தப் பித்தளைக் கூடுதான், அது திரும்பத் திரும்பப் பயன்படும். சுடும்போது கூடு விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிரஸ்ஸில் பூட்டிய டை என்ற உலோக அச்சுக்குள் அதை ஏற்றி இறக்கினால் பழைய அளவுக்குச் சுருங்கும், அதே இழுப்பில் ஒரு ஊசி பழைய பிரைமரை வெளியே தள்ளிவிடும். பிறகு புதுப் பிரைமர், அளந்த பவுடர், மேலே குண்டு. 9 மிமீயில் பெரிய லாபம் கிடையாது, கடைத் தோட்டாவே மலிவு. .38-இல் மிச்சம் தெரியும், அதன் கூடு நேரானது. கார்பைடு டை வாங்கினால் எண்ணெய் தடவும் வேலையும் இல்லை. அதனால் .38-இல் தொடங்கச் சொல்வேன்.

பிரஸ் ஒற்றை நிலை பிரஸ்ஸாகவே இருக்கட்டும். லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி எந்தக் கம்பெனியானாலும் சரி. டில்லன் மாதிரி ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் இயந்திரத்தைப் பார்த்து ஆசை வரும், முதல் வருடம் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் என்றால் கண் எதையும் தவறவிடாது. தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், கண்ணைக் காக்கும் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் முன்னால் பவுடர் அளவுகள் உள்ள ஒரு புதிய கையேடு. லைமன், ஹார்னடி இரண்டும் வெளியிடுகின்றன, ஹாட்ஜ்டன் தன் பவுடர்களுக்கான அளவுகளை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதில் இருக்கும் தொடக்க அளவிலிருந்து மேலே போங்கள். யாராவது வாயால் சொன்ன அளவை ஒருபோதும் போடாதீர்கள், நான் சொன்னாலும்கூட.

பவுடரை கிரெய்னில் அளப்போம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். .38 கூடு பழைய கரும்பவுடர் காலத்து வடிவம், உள்ளே இடம் தாராளம். இன்றைய புகையில்லாப் பவுடர் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். மறதியில் இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். நான் 50 கூடுகளையும் மரக்கட்டையின் குழிகளில் நிறுத்தி, எல்லாவற்றிலும் பவுடர் போட்ட பிறகு, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்ப்பேன். சாம்பல் நிறப் பொடி எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் அதைக் கொட்டி மறுபடி அளப்பேன். அதன் பிறகுதான் குண்டு.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு தப்பிலிருந்து வந்தது. இரண்டாவது வருடம். போன் வந்தது, பேசிக்கொண்டே வேலை செய்தேன். அடுத்த வாரம் ரேஞ்சில் ஒரு தோட்டா 'டப்' என்றது, அவ்வளவுதான். கையில் உதைப்பே இல்லை. அடுத்ததைச் சுட விரல் விசைக்குப் போய்விட்டது. பக்கத்து மேசைக்காரர் கத்தி நிறுத்தினார். பார்த்தால் அந்தக் கூட்டில் பவுடரே போடவில்லை. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழாய் நடுவில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்று சுட்டிருந்தால் என் கை இருந்திருக்காது. பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்தார்கள். அன்றிலிருந்து போன் வேறு அறையில்.

நீங்கள் அபார்ட்மென்டில் இருக்கிறீர்கள். பவுடர் வைக்க வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் படியுங்கள். பவுடரும் பிரைமரும் அதனதன் அசல் டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில், சூடு இல்லாமல். சமையலறை மேசையில் மட்டும் வேண்டாம். சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது, கூடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் தூசியிலும் இருக்கிறது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்க மாட்டேன். வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதிக்கிறேன்.

நீங்கள் செய்ததை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செய்து விற்பதற்கு மத்திய லைசென்ஸ் வேண்டும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையில் ஊருக்குத் துணி அடுக்காதீர்கள். மூலையில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்து இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி விடுமுறை முழுக்க வக்கீல் வீட்டில் போகும்.

இன்றைக்கே அந்தக் காலிக் கூடுப் பையை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ரேஞ்சுக்குப் போவதையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். வழக்கறிஞரைப் பார்த்து, லைசென்ஸ் கைக்கு வந்ததும் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை காலையில் வாருங்கள் தம்பி, முதல் ஐம்பதை என் பெஞ்சிலேயே செய்யலாம். கைவிளக்கை நீங்கள் பிடியுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.