வலி உடம்பிலா, சுபாவத்திலா?

கேள்வி: எனக்கு 48 வயது. ஒன்பது மாதத்துக்கு முன் இடுப்பு டிஸ்க் ஆபரேஷன் நடந்தது. காலுக்கு இறங்கிய வலி போய்விட்டது. இடுப்பு வலி போகவில்லை. குனியவே பயமாக இருக்கிறது. ஸ்கேன் சரியாக இருக்கிறதாம். மனநல நிபுணரைப் பார்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். "நீ எப்பவுமே எதையும் பெரிசுபடுத்துற ஆளு, அதான்" என்கிறார் கணவர். என் சுபாவம்தான் காரணமா?

பதில்: உங்கள் வலி நிஜம். அதில் சந்தேகமே வேண்டாம். ஸ்கேனில் எலும்பும் டிஸ்க்கும் தெரியும், வலி தெரியாது. மாதக்கணக்கில் வலியைக் கடத்திப் பழகிய நரம்பு மண்டலம், புண் ஆறிய பிறகும் சின்ன அசைவுக்கே கூச்சல் போடும்.

உங்கள் கணவர் சொல்வதை ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். 1959-ல் ஜார்ஜ் எங்கெல் என்ற அமெரிக்க மருத்துவர், வலிக்கு எளிதில் ஆட்படும் மனிதர்கள் என்று ஒரு வகையினரையே வர்ணித்தார். உடல், மனம், சூழல் மூன்றையும் சேர்த்துத்தான் நோயைப் பார்க்க வேண்டும் என்று 1977-ல் எழுதியவரும் அவரேதான். பிறகு 1997-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. கார் விபத்துக்குப் பின் தீராத கழுத்து வலியோடு இருந்தவர்களுக்கு, வலியைக் கடத்தும் நரம்பைச் சுட்டுச் செயலிழக்கச் செய்தார்கள். வலி நின்றவர்களுக்கு மன உளைச்சலும் தணிந்துவிட்டது, மனநலச் சிகிச்சை எதுவும் தராமலே! ஒன்பது மாதமாக வலியோடு படுத்து எழுகிறவரின் சுபாவத்தை எடைபோடவே கூடாது என்பது என் கட்சி.

அதற்காகச் சுபாவத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். இயல்பிலேயே பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி நீடிக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆனால் அதைவிட, வலியைப் பற்றி ஓடும் நினைப்புதான் ஆளைப் படுத்துகிறது. இதை அளக்க 1995-ல் 13 கேள்விகள் கொண்ட ஒரு படிவமே வந்தது. வலியையே நினைத்துக்கொண்டிருப்பது, மோசமானது ஏதோ வரப்போகிறது என்று அஞ்சுவது, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று ஓய்வது, இந்த மூன்றையும் அது பார்க்கிறது. பயிற்சியால் மாறக்கூடியவை இவை. மனநல நிபுணரிடம் அனுப்பியது அதற்காகத்தான் இருக்கும், போங்கள்.

குனியும் பயத்துக்குப் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். குனியாமலே இருந்தால் தசை இளைத்து, அடுத்த தடவை குனியும்போது இன்னும் வலிக்கும், பயம் உறுதிப்படும். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்து மறுநாள் படுத்துவிடுவதும் தப்பு. வலித்தால் நிறுத்துவது என்றில்லாமல், இத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டுலோக்செடின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரை எழுதித் தந்தால் "எனக்கென்ன மனநோயா?" என்று கோபப்படாதீர்கள். மனச்சோர்வு மருந்துகள்தான், ஆனால் நரம்பு வலிக்கும் தருவது வழக்கம்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். முதல் தடவை அளவுக்கு அதில் பலன் கிடைப்பதில்லை. ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது: கால் திடீரெனப் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை கணவரையும் அழைத்துப் போங்கள். ஸ்கேன் சரியாக இருந்தும் ஏன் வலிக்கிறது என்பதை அவர் டாக்டர் வாயால் கேட்கட்டும்.