யாரும் கேட்காத ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 43 வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பெரும்பாக்கத்தில் கடனில் வாங்கிய அடுக்ககம். மாதத்தில் நான்கு நாள் அலுவலகம் வந்தால் போதும் என்று நிறுவனம் சொல்லிவிட்டதால், பாளையங்கோட்டைக்குக் குடிபெயரலாமா என்று யோசிக்கிறேன். நன்மை தீமைகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். நன்மைகள்: தாமிரபரணித் தண்ணீர், குறைந்த வாடகை, நெரிசலில்லாத சாலைகள், வெள்ள பயமின்மை, நினைத்தபோது அல்வா. தீமைகள்: வேலை போனால் அங்கே வேறு வேலை கிடைக்காது, பெரிய மருத்துவமனைகள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டாம் வகுப்பை முடிக்கப்போகும் என் மகள் நம் மண்ணின் பண்பாட்டில் வளர்வாள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாதியெல்லாம் இப்போது அங்கே யார் பார்க்கிறார்கள்? என் மனைவி செங்கல்பட்டுக்காரர், தனியார் பள்ளி ஆசிரியை. அவருக்கும் சம்மதம்தான். நீங்கள் அந்த ஊரிலேயே இருப்பவர். வரலாமா, வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் எங்கள் எதிர்வீட்டுக்குச் சென்னையிலிருந்து குடிவந்திருந்த குடும்பம், பள்ளி ஆண்டு முடியும்வரைகூடப் பொறுக்காமல் சாமான்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது. போகும்போது அந்தப் பெண் என்னிடம் சொன்ன காரணம் தண்ணீரும் இல்லை, சம்பளமும் இல்லை. “என்னை இறக்கிவிட்ட வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று என்னைவிட இந்தத் தெருவுக்கு நன்றாகத் தெரிகிறது” என்றார். அதை அசைபோட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் பட்டியல் வந்து சேர்ந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

பட்டியலை முதலில் வேகமாகக் கடந்துவிடுகிறேன். தண்ணீர் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டராக ரயிலில் குடிநீரை வரவழைத்த நகரத்தில் இருப்பவருக்குத் தாமிரபரணி கனவில் வருவது இயல்புதான். ஆனால் வெள்ள பயமில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதி வெள்ளத்தில் கிடந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நிற்க, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் சோறாக்கிப் போட்டார்கள். நீங்கள் இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பாசம் மறக்கடித்துவிட்டது.

மருத்துவமனைக் கவலை பழைய காலத்துக் கவலை. எங்கள் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியை ஒருமுறை வந்து பாருங்கள். வேலையைப் பற்றிய பயம் நியாயமானது. கங்கைகொண்டானில் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது என்றாலும், சோழிங்கநல்லூரில் சாலையைக் கடந்து அடுத்த நிறுவனத்துக்கு மாறுவதுபோல் இங்கே மாற முடியாது. வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் சென்னைக்குக் கொண்டுவிடும்தான். ஆனால் எல்லாரும் தினமும் வாருங்கள் என்று நிறுவனம் மனம் மாறினால் அந்த ரயிலால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அல்வாவைப் பற்றி நான் பேசுவதாக இல்லை. அதற்காக வீடு மாற்றுகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை ரயிலேறினால் போதும்.

நான் நின்று பேச விரும்புவது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் பற்றித்தான். உங்கள் சாலை, உங்கள் வேலை, உங்கள் அல்வா என்று வரிசையாக எழுதிவந்தவர், கூட வரப்போகிறவருக்கு ஒதுக்கியது “அவருக்கும் சம்மதம்தான்” என்ற ஒரே வரி. நீங்கள் திரும்பி வருகிறீர்கள். அவர் புதிதாக வருகிறார். பெரும்பாக்கத்தில் அவர் ஆசிரியை; பள்ளி விட்டு வரும் வழியில் நாலு பிள்ளைகள் அவருக்கு வணக்கம் சொல்வார்கள், மற்ற யாருக்கும் அவரைப் பற்றி அக்கறை இருக்காது. இங்கே வந்து இறங்கிய மறுநாள் முதல் அவர் அம்பாசமுத்திரத்து இன்னார் வீட்டு மருமகள். பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பெண்மணிகூட இரண்டு நிறுத்தங்களுக்குள் அவருடைய மாமியாரின் பிறந்த வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்கு இது ஊர்ப் பாசம். அவருக்கு என்னவாக இருக்கும் என்று நீங்கள் கேட்டீர்களா?

என் சித்தி தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தாள். எழுபதுகளின் கடைசியில், திருமணமாகாத பெண் இரவுப் பணி பார்ப்பது இங்கே பெரிய செய்தி. பணி முடிந்து அவள் நடந்து வரும்போது எந்த வீட்டுத் திண்ணையில் யார் இருமுவார்கள், யார் தொண்டையைக் கனைப்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, இருமினார்கள், அவ்வளவுதான். 1895இல் சாரா தக்கர் கல்லூரியில் பெண்களைக் கல்லூரிப் படிப்புக்கு உட்கார வைத்த ஊர் இது. அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வேலைக்குப் போனவளைப் பார்த்துத்தான் இருமினார்கள். பிறகு அவளுக்குச் சென்னைக்கு மாறுதல் வந்தது. தாத்தா எவ்வளவோ தடுத்தும் போய், எழும்பூரில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கினாள். கல்லூரி விடுமுறையில் நான் போயிருந்தபோது ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் என்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். ஆண்களாக நிரம்பியிருந்த கூடத்தின் நடுவில், காலியாயிருந்த மேசையில் உட்கார்ந்து, காப்பியை டவராவில் ஊற்றி ஆற அமரக் குடித்துக்கொண்டே, “ஏட்டி, இங்க வந்ததுல இருந்து யாரு மகள்னு என்னை ஒருத்தரும் கேக்கல, பாத்துக்கோ” என்றாள். அவ்வளவு நிம்மதியாக அவள் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த நிம்மதிக்கு உங்கள் பட்டியலில் இடமே இல்லை, எஸ். சென்னையில் உங்கள் மகள் மிதிவண்டியில் தோழி வீட்டுக்குப் போய் இருட்டிய பிறகு வருவாள். எந்தப் பையனோடு பேசிக்கொண்டு வந்தாள் என்று உங்களுக்கு அதே நாள் இரவு தொலைபேசியில் சொல்ல அங்கே ஆளில்லை. இங்கே சொல்வார்கள், அக்கறையோடு சொல்வார்கள், நீங்களும் நன்றி சொல்வீர்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் பெருநகரம் கொடுப்பவற்றில் விலைமதிப்பற்றது அது ஒன்றுதான். அதை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளும்போது பண்பாடு என்ற பெயரில் எடுக்காதீர்கள்.

அப்புறம், சாதியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வாடகைக்கு வீடு தேடி வாருங்கள், தெரியும். என்ன சாதி என்று எந்த வீட்டுக்காரரும் கேட்கமாட்டார். சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவீர்கள் என்று சிரித்த முகத்தோடு விசாரிப்பார். அவருக்கு வேண்டியது அதற்குள் கிடைத்துவிடும். இந்தக் கேள்விகள் உங்கள் காதில் இனிக்கின்றன என்றால், பதில் சொல்வதில் உங்களுக்கு நஷ்டம் ஏதும் இல்லை என்று பொருள். நஷ்டப்படுகிறவர்கள் சாவியைப் பார்க்காமலே திரும்பிப் போகிறார்கள். 2023 ஆகஸ்டில், இங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் உள்ள நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டிவரும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. எந்த நிறம் யாருடையது என்பதை உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் முதல் பருவம் முடிவதற்குள் கற்றுக்கொள்வாள். மண்ணின் பண்பாடு என்று மொத்தமாக எழுதிவிட்டால் அந்தக் கயிறும் அதில் சேர்ந்துதான் வரும்.

இதனால் சென்னை புண்ணிய பூமி ஆகிவிடாது. உங்கள் அடுக்ககத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்களில் பலர், கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டு அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். நன்மை தீமைப் பட்டியல் போடும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. யாரும் யாரையும் கேட்காத நகரம் அவர்களையும் கேட்கவில்லை.

சித்தியின் கதையில் இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது. பணி ஓய்வு பெற்றதும் அவள், யாரும் எதிர்பாராத விதமாக, பாளையங்கோட்டைக்கே வந்து தனியாக வீடு எடுத்தாள். ஒரு நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து எழ முடியாமல் கிடந்தபோது, தினமும் வாசலில் நின்று குரல் கொடுக்கும் கீரைக்காரப் பெண்மணி, “அக்கா குரல் கொடுக்காம இருக்கமாட்டாளே” என்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கவைத்தார். ஐகிரவுண்டில் கட்டிலைச் சுற்றித் தெருவே நின்றது. அதில் அந்தக் காலத்தில் இருமியவர்களின் பிள்ளைகளும் உண்டு. இளமையில் அவளை விரட்டிய அதே கவனிப்பு முதுமையில் அவளைத் தூக்கி நிறுத்தியது. நானும் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன். என் வயதுக்கு இது பொருந்துகிறது. உங்கள் வயதுக்கும் பொருந்தலாம். உங்கள் மகள் வயதுக்குப் பொருந்தும் என்று என்னால் எழுதித் தர முடியாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாக்கம் வீட்டை விற்காதீர்கள். வருவதானால் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் ஜூனுக்குள் வந்துவிடுங்கள். இல்லையென்றால் அவள் பிளஸ் டூ முடிக்கும்வரை அசைய வேண்டாம், பத்தாம் வகுப்பின் நடுவில் பிள்ளையைப் பள்ளி மாற்றுவது பாவம். எதற்கும் முன்பாக, இந்தக் கோடை விடுமுறையில் அம்பாசமுத்திரத்து உறவினர்களுக்குச் சொல்லாமல் மூவரும் வந்து ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் அம்மாவும் மகளும் நீங்கள் துணைக்கு இல்லாமல் முருகன்குறிச்சி வரை கடைகண்ணிக்குப் போய்வரட்டும். திரும்பி வந்து அவர்கள் இருவரும் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், அடுத்த கடிதத்தை உங்கள் மனைவி எழுதட்டும். அவருக்கு நான் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.