ஆபாசமானவற்றையும் கருக்கலைப்புப் பொருட்களையும் தபாலில் அனுப்பத் தடை போடும், 1873-இல் வந்த காம்ஸ்டாக் சட்டம் அமெரிக்காவில் இன்னும் நடப்பில் இருக்கிறதா? அதைத் திருத்தத்தான் வேண்டுமா?

இருக்கிறது. கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தொகுப்பில் 1461, 1462 பிரிவுகளை எடுத்துப் பாருங்கள். ஆபாசமானதைத் தபாலில் அனுப்பினால் முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, அடுத்த முறை 10 ஆண்டு வரை.

ஆந்தணி காம்ஸ்டாக் ஒழுக்கத்தைக் காக்கவென்றே கிளம்பிய மனிதர். சட்டத்தை வரவழைத்ததோடு நிற்காமல், அதை அமல்படுத்தும் தபால்துறை அதிகாரியாகவும் அமர்ந்துகொண்டார். ஆபாசப் படங்களோடு கருத்தடை, கருக்கலைப்புப் பொருட்களையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம்.

இறக்குமதிக்குத் தனியாக 1930-ஆம் ஆண்டு சுங்கவரிச் சட்டத்தின் 305-ஆம் பிரிவு. ஜப்பானிலிருந்து நியூயார்க் டாக்டர் ஹன்னா ஸ்டோனுக்கு வந்த ஒரு பார்சலைச் சுங்கத்துறை இதை வைத்துத்தான் பிடித்தது. உள்ளே இருந்தவை சுமார் 120 ரப்பர் கருத்தடைச் சாதனங்கள். வழக்கின் பெயரே ‘அமெரிக்க அரசு எதிர் ஒரு பார்சல்’! நல்லெண்ணத்தோடு மருத்துவர் வரவழைப்பதைத் தடுக்க முடியாது என்று 1936-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்ட வாசகம் அப்படியே கிடந்தது. நாடாளுமன்றம் கருத்தடையைப் பட்டியலிலிருந்து எடுக்க 1971 ஆயிற்று. கருக்கலைப்பை அப்போதும் எடுக்கவில்லை.

2022-இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், தூங்கிய வரிகளுக்கு உயிர் வந்துவிட்டது. சட்டவிரோதப் பயன்பாட்டுக்கு என்ற எண்ணம் அனுப்புபவருக்கு இல்லாவிட்டால் கருக்கலைப்பு மாத்திரையைத் தபாலில் அனுப்புவது குற்றமல்ல என்று அந்த டிசம்பரில் நீதித்துறை அமைச்சகம் கருத்துரை கொடுத்தது. கருத்துரைதானே, அடுத்து வரும் அரசு மாற்றி எழுதலாம். அந்த வரிகளை நீக்க செனட்டர் டினா ஸ்மித் 2024-இல் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

ஆபாசப் பகுதியிலும் குளறுபடிதான். அத்தகைய படத்தை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை என்றது 1969 தீர்ப்பு. தபாலில் அனுப்புவதையும் இறக்குமதியையும் தடுக்கலாம் என்றன 1971 தீர்ப்புகள். அப்புறம் அது எப்படித்தான் வீட்டுக்கு வந்து சேருமாம்?

என்னைக் கேட்டால், கருக்கலைப்பு வரிகளை 1461, 1462, 305 என்ற மூன்று பிரிவிலும் அடித்துவிட வேண்டும். ஆபாசத் தடையை, கேட்காதவர் வீட்டுக்கும் சிறுவருக்கும் அனுப்புவதோடு நிறுத்தினால் போதும். குழந்தைகளை வைத்து எடுக்கும் படங்களுக்குத் தனிச் சட்டங்கள் கடுமையாகவே இருக்கின்றன. இதில் கைவைத்தால் அவை தளர்ந்துவிடும் என்பது வீண் பயம்.